சூடு ஆறும் முன்பே பிடியுங்கள்: பழைய கார் கேள்வி பதில்

வெயில் ஏற ஏற வரும் கடிதங்களில் பல ஒரே புகாரைத்தான் சொல்கின்றன: காலையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி பிடிப்பதில்லை. புகார் ஒன்றானாலும் காரணம் வண்டிக்கு வண்டி வேறு. அதனால் ஒரே பதிலாகச் சேர்க்காமல் ஒவ்வொரு கடிதத்தையும் தனியாக எடுத்துக்கொள்கிறோம்.

1997 மாடல் மாருதி 800 வெச்சிருக்கேனுங்க, கார்புரேட்டர் வண்டி. காலையில ஒரே செல்ஃப்ல பிடிச்சுக்குது. ஈரோடு போய்க் கால் மணி நேரம் நிறுத்திட்டு வந்தா, செல்ஃப் நல்லாச் சுத்துது, இன்ஜின் பிடிக்கறதில்லை. முக்கால் மணி நேரம் நிழல்ல விட்டா தானா ஸ்டார்ட் ஆயிடுது. மெக்கானிக் ஒண்ணுமே இல்லைங்கறாரு. பிளக், ஒயர், காயில் எல்லாம் மாத்தியாச்சு.
*வாசகர், கோபிசெட்டிபாளையம்*

பட்டறைக்குக் கொண்டுபோய், மெக்கானிக் கைவேலையை முடித்துவிட்டு வருவதற்குள் இன்ஜின் ஆறிவிடும். ஆறிய இன்ஜினில் இந்தக் குறை தெரியாது. ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். வண்டி மக்கர் பண்ணுகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் தடயம் இருக்கிறது. அதை ஈரோட்டிலேயே நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு டார்ச் லைட் போதும்.

ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும் எதிர்க்காற்றும் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் ஓயாமல் வந்து போகும் பெட்ரோலும் அதைக் குளிர வைக்கும். சாவியை அணைத்ததும் மூன்றும் நின்றுவிடுகின்றன. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் தேங்கிய சூடு, அதோடு கார்புரேட்டரை இணைக்கும் மேனிஃபோல்டு வழியாகக் கார்புரேட்டருக்கு ஏறுகிறது. நிறுத்தி 10 முதல் 20 நிமிடத்தில் பேனட்டுக்குள் சூடு உச்சத்துக்கு வரும், பிறகுதான் இறங்கும். பெட்ரோல் தண்ணீரைப் போல ஒரே டிகிரியில் கொதிப்பதில்லை. அதிலுள்ள லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். அணைத்த கையோடு ஸ்டார்ட் செய்தால் பிடிப்பதும், கால் மணி கழித்துப் பிடிக்காததும், முக்கால் மணி கழித்துப் பிடிப்பதும் இதனால்தான். பிளக், காயில் மாற்றியது வீண் செலவு.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் கொதித்த பெட்ரோல் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழிந்து ஓவர்ஃப்ளோ ஆவது ஒன்று. சேம்பர் வற்றி, லைனில் ஆவி அடைத்து, பெட்ரோலே வராமல் போவது இன்னொன்று. பிரித்துப் பார்ப்பது எளிது. வண்டி பிடிக்காதபோது சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, ஆக்ஸிலரேட்டர் லீவரை விரலால் ஒரே ஒரு முறை சுண்டுங்கள். நூல் பிடித்தாற்போலப் பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வராமலோ, ‘புஸ்’ஸென்று நுரை மட்டும் வந்தாலோ சேம்பர் காலி; அதற்கான வைத்தியம் அடுத்த கடிதத்தில் இருக்கிறது. சுண்டும் முன்பே உள்ளே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தால், உள்சுவர் நனைந்து வாடை மூக்கைத் துளைத்தால், ஓவர்ஃப்ளோ. பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. இந்த நேரத்தில் பிளக் ஒயரைக் கழற்றிக் கரண்ட் (தீப்பொறி) வருகிறதா என்று பார்ப்பதும் ஆபத்து.

ஓவர்ஃப்ளோ ஆன வண்டியைப் பலரும் மிதிமிதியென்று மிதித்து ஸ்டார்ட் செய்யப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே இன்னும் கொஞ்சம் பெட்ரோல்தான் விழும். பெடலைத் தரையோடு அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு 8, 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் காலை மெல்ல எடுங்கள். பிடிக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு இன்னொரு முறை. சோக் வேண்டவே வேண்டாம்.

நிரந்தரத் தீர்வுக்குக் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே பாருங்கள். அங்கே சூடு ஏறாமல் தடுக்கும் தடித்த கட்டை ஒன்று இருக்கும். எப்போதோ கார்புரேட்டரை இறக்கி ஏற்றியவர்கள் அது விரிசல் விட்டதென்று எறிந்துவிட்டு, வெறும் காகித பேக்கிங் வெட்டி மாட்டியிருப்பார்கள். பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். சைலன்சர் பக்கத்துச் சூட்டைத் தடுக்கும் தகரமும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். இரண்டையும் திரும்பப் பொருத்தினாலே பாதித் தொல்லை தீரும். அடுத்தது, சேம்பருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு. அதன் கூம்பு முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் வால்வு தேய்ந்துவிட்டது, சீட்டோடு சேர்த்து மாற்றுங்கள். அந்த வால்வைத் தூக்கும் மிதவையான ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டும்போது உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அதுவும் மாற்ற வேண்டியதே. டேங்குக்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ட்யூப் அடைத்திருந்தாலும், கிளிப் போட்டு நசுங்கியிருந்தாலும் இதே கதைதான்.

இன்ஜினே அளவுக்கு மேல் சூடாகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். போர் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அந்த உப்பு ட்யூப்களில் படிந்தால் தண்ணீர் சூட்டை விடாது. டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

எங்களுது பிரீமியர் பத்மினிங்க. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுனா ஏழெட்டு வளைவுக்குள்ள திணற ஆரம்பிச்சு, ஒன்பதாவது வளைவு காட்சிமுனையில நிறுத்துனா அவ்வளவுதான். சமவெளியில பிரச்சினையே இல்லை. இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம்னு சொல்றாங்களே?
*வாசகர், உடுமலைப்பேட்டை*

எத்தனாலுக்கும் பங்கு உண்டு, ஆனால் முழுப் பழியும் அதன் மேல் போட முடியாது. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோடு கலந்தால் கலவையின் ஆவி அழுத்தம் கூடுகிறது, அதாவது இன்னும் சீக்கிரம் ஆவியாகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறைவதால் கொதிநிலை இன்னும் இறங்கும். 40 வளைவையும் முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே ஏறும்போது எதிர்க்காற்றும் போதாது.

உங்கள் வண்டியில் ஏசி பம்ப், அதாவது இன்ஜின் சுற்றுவதால் இயங்கும் பெட்ரோல் பம்ப், இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது. பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை அதுதான் உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் ஆவி முதலில் கட்டுவது அங்கேதான். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ட்யூபில் நூலிழை விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ட்யூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விரிந்தால், விரல் வைத்ததும் கறுப்பாக ஒட்டினால், மாற்றிவிடுங்கள். எத்தனாலைத் தாங்கும் ட்யூப் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரப்பரும் ஏசி பம்பின் பழைய டயாஃபிரமும் எத்தனாலில் உப்பி இளகும்.

பம்பைச் சோதிக்க, கார்புரேட்டரில் நுழையும் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். காயிலுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, நடுவில் இடைவெளி விட்டு மொத்தம் 30 விநாடி செல்ஃப் அடியுங்கள். கால் லிட்டராவது, விட்டு விட்டுத் திடமாக வர வேண்டும். குமிழி குமிழியாக வந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று வாங்குகிறது.

மலையில் மாட்டிக்கொண்டால் பம்ப் மேலும் அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பைப் மேலும் ஈரத்துணி சுற்றி 5 நிமிடம் விடுங்கள். அது பழங்காலத்து வைத்தியம், இன்றும் வேலை செய்கிறது. அந்த பைப் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகாமல் விலக்கிக் கட்டுவது அதைவிட நல்லது. டேங்க் அருகே எலக்ட்ரிக் பம்ப் மாட்ட நினைத்தால் 3, 4 பிஎஸ்ஐக்கு மேல் போகாத கார்புரேட்டர் பம்பாகப் பாருங்கள். கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்டர் வண்டியின் (எம்பிஎஃப்ஐ) பம்ப்பை மாட்டினால் அதன் கூடுதல் அழுத்தம் நீடில் வால்வைத் தூக்கி, சூடான இன்ஜின் மேலேயே பெட்ரோலைக் கொட்டிவிடும்.

2003 சான்ட்ரோ. அவிநாசி ரோட்டுல நெரிசல்ல ஊர்ந்து போறப்ப அப்படியே அணைஞ்சு போயிடுது. செல்ஃப் சுத்தும், பிடிக்காது. அரை மணி நேரம் கழிச்சு எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். ஃப்யூல் பம்ப் மாத்தியாச்சு. பத்து நாள் சும்மா இருந்துச்சு, மறுபடி அதே. ஸ்கேனர்ல எந்த எரர் கோடும் இல்லையாம்.
*வாசகி, சிங்காநல்லூர், கோவை*

மேலே உள்ள இரண்டு வண்டிகளும் நிறுத்திய பிறகுதான் பிடிக்க மறுக்கின்றன. உங்களுடையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது. அந்த ஒரு வித்தியாசம் பெட்ரோல் ஆவியை விட்டு எலக்ட்ரிக்கல் பக்கம் பார்க்கச் சொல்கிறது. முதல் சந்தேகம் கிராங்க் சென்சார்.

பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை, இன்ஜினை நடத்தும் கணினியான இசியுவுக்குச் சொல்வது அந்த சென்சார்தான். அதிலிருந்து தகவல் வராவிட்டால் இசியு பிளக்குக்குக் கரண்டும் கொடுக்காது, இன்ஜெக்டரையும் திறக்காது. சென்சாருக்குள் முடியை விட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றியிருக்கும். வயதானால் எங்காவது ஓரிடத்தில் விட்டுப்போகும். குளிர்ந்திருக்கும்போது இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்தால் பிரியும், ஆறினால் மறுபடி தொடும். அந்தப் பிரிவு பல நேரம் இசியு கோடாகப் பதிவதற்குள் முடிந்துவிடும். கோடு இல்லை என்பதால் சென்சார் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

அணைந்த இடத்திலேயே, வண்டியை ஓரங்கட்டி, இந்த வரிசையில் பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கமிருந்து 2 விநாடி பம்ப் ‘ஊய்ங்’ என்று ஓடி நிற்கிறதா? கேட்டால் பம்புக்குக் கரண்ட் வருகிறது. பிறகு செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழும்புகிறதா? முள் இல்லாத மாடல் என்றால் ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 200 சுற்றுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் சென்சார், அல்லது அதன் கப்ளர், ஒயர். சுற்று காட்டுகிறது, ஆனால் பிளக்கில் கரண்ட் இல்லை என்றால் காயில். கரண்ட் இருந்து பிளக் காய்ந்திருந்தால் பம்ப், ரிலே, இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

கரண்ட் பார்க்க ஒயரைக் கையில் பிடித்து பாடியில் உரசும் பழக்கத்தை எம்பிஎஃப்ஐ வண்டியில் விட்டுவிடுங்கள். காயிலையும் இசியுவையும் அது கொல்லும். ஒரு பழைய பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோக உடம்பை ஜம்பர் ஒயரால் இன்ஜின் பிளாக்கோடு கிளிப் செய்து, கையை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ‘டிக் டிக்’ என்று நீலமாக வர வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் சூட்டில் காயில் தளர்கிறது.

சென்சார்தானா என்று உறுதி செய்ய, அதன் மேல் ஈரத்துணி வைத்து 3, 4 நிமிடம் பாருங்கள். மற்ற நாளில் அரை மணி ஆகும் வண்டி அப்போதே பிடித்தால் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இரண்டு ஒயர் சென்சார் என்றால் கழற்றி மேசை மேலும் சோதிக்கலாம். மல்டிமீட்டரை ஓமில் வைத்து மாட்டி, ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டுங்கள். குளிர்ச்சியில் 800 ஓம் காட்டினால் 80 டிகிரி வரும்போது 990 அளவுக்கு ஏறுவது செம்பின் இயல்பு. நடுவே திடீரென்று மெகா ஓமுக்குத் தாவினால் அந்த சென்சாருக்கு ஆயுள் முடிந்தது. மூன்று ஒயர் சென்சாருக்கு இந்த ஓம் சோதனை செல்லாது. புதிது வாங்கும்போது விலை மலிவுக்கு ஆசைப்பட வேண்டாம். மட்டமான சரக்கு சூட்டில் மறுபடி காலை வாரும்.

புதிதாகப் போட்ட பம்ப் மேலும் சந்தேகம் எழுந்தால் லைனில் கேஜ் மாட்டி அளந்து பாருங்கள். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டிகளில் 2.5 முதல் 3.5 பார் வரும். டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது மட்டும் அணைந்தால் பம்ப் மேல் கண் வையுங்கள். சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைப்பது. கால் டேங்க்குக்குக் கீழே ஓட்டுவது பம்புக்கு ஆகாது.

இன்ஜின் ஆறியிருந்தும், வெயிலில் நிறுத்தி உள்கூடு கொதித்தால் மட்டும் பிடிக்காத வண்டிகளும் உண்டு. அங்கே டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேவைத் திறந்து பாருங்கள். 1990களின் ஹோண்டா கார்களில் இது பேர்போன குறை. கால்களைச் சுற்றிப் பற்றவைப்பில் மோதிரம் போல மெல்லிய விரிசல் தெரியும். புதிதாக ஈயம் வைத்தால் சரியாகும்.

2004 வேகன் ஆர். சூட்டில் ஸ்டார்ட் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டியிருக்கிறது. பிடித்ததும் கறுப்புப் புகை. மைலேஜும் குறைந்துவிட்டது.
*வாசகர், பெருந்துறை*

கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் கொதிக்கிறது, சென்சார் குளிர்ந்திருக்கிறது என்கிறது. இசியு அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. கப்ளரைக் கழற்றி ஓம் பாருங்கள். 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், இன்ஜின் சூடாகி 80 டிகிரியில் சுமார் 300 ஓம் வர வேண்டும். சூட்டிலும் ஆயிரத்துக்கு மேல் நின்றால் மாற்றுங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளுக்குப் போகும் சென்சார் வேறு, இசியுவுக்குப் போவது வேறு. முள் சரியாகக் காட்டுகிறதே என்று இதைக் கழித்துவிடாதீர்கள். சென்சார் சரியாக இருந்தால் ஒழுகும் இன்ஜெக்டர் அடுத்தது. அதுவரை அவசரத்துக்குப் பெடலை முழுக்க அழுத்திச் செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இசியுக்கள் அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திவிடும்.

பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு எடுத்தா மட்டும் ஆல்டோ பிடிக்க மாட்டேங்குது. மத்த நேரம் சூட்டுலயும் நல்லா ஸ்டார்ட் ஆகுது.
*வாசகர், திருப்பூர்*

டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பர்ஜ் வால்வு இருக்கிறது. அது மூடாமல் நின்றுவிட்டால், பெட்ரோல் போடும்போது டேங்கிலிருந்து தள்ளப்படும் ஆவி நேராக மேனிஃபோல்டில் போய் நிறையும். வால்வைக் கழற்றி, கரண்ட் கொடுக்காமல் ஒரு பக்கம் வாயால் ஊதுங்கள். காற்றுப் போகவே கூடாது. போனால் மாற்றுங்கள். பங்க்கில் கன் ‘டக்’கென்று நின்ற பிறகு ரவுண்டாக வரட்டும் என்று மேலும் அடைக்கச் சொல்லாதீர்கள். அது கரியை நனைத்து டப்பாவையே கெடுத்துவிடும்.

டீசல் இண்டிகாங்க, மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடிடுச்சு. காலையில ஹீட்டர் விளக்கு அணைஞ்சதும் பிடிச்சுக்குது. தாராபுரம் போய் டீ குடிச்சுட்டு வந்தா நாலஞ்சு தடவை நீளமா செல்ஃப் அடிக்கணும். இப்ப அதுவும் ஆகலை, தள்ள வேண்டியிருக்கு.
*வாசகர், காங்கயம்*

டீசலில் சூட்டுக் குறை என்றால் எல்லாரும் ஹீட்டர் பிளக்கை மாற்றுவார்கள். சூடான இன்ஜினுக்கு அது தேவையே இல்லை. உங்கள் வண்டியில் நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் எஃப்ஐபி பம்ப் தேய்ந்திருப்பதற்கான அறிகுறி எல்லாம் இருக்கிறது.

பம்பின் உள்ளுறுப்புகள் மைக்ரான் கணக்கில் பொருந்தியவை. தேய்ந்த பம்பில் அந்த இடைவெளி கூடிவிடும். டீசல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது இடைவெளி வழியே அதிகம் கசியாது. சூடானால் டீசல் இளகி நழுவிவிடும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் கட்டாது. தள்ளினால் பிடிப்பது ஏனென்றால் அப்போது இன்ஜின் செல்ஃபை விட வேகமாகச் சுற்றுகிறது.

பிடிக்காத நேரத்தில் தண்ணீரில் நனைத்த துணியைப் பம்ப் மேல் போர்த்தி, 10 நிமிடத்தில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். சட்டெனப் பிடித்தால் பம்ப்தான். பாட்டில் தண்ணீரை நேரே ஊற்ற வேண்டாம். வெளிக்கூடு திடீரெனச் சுருங்கினால் உள்ளே ஜாம் ஆகும்.

ஆனால் பம்பை இறக்கும் முன் இரண்டைப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று, செல்ஃபின் வேகம். சூட்டில் செல்ஃப் சோர்ந்து சுற்றினால் நல்ல பம்பும் அழுத்தம் கட்டாது, அடுத்த கடிதத்தில் அதற்கான சோதனை இருக்கிறது. இரண்டு, காற்று. டீசல் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் இடத்தில் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ட்யூப் ஒரு சாண் மாட்டி ஓட்டுங்கள். குமிழி ஓடினால் ஃபில்டர் வாஷர், கை பம்ப், ரிட்டர்ன் ட்யூப் ஏதோ ஒன்று காற்று வாங்குகிறது. அது சில நூறு ரூபாய் வேலை. இரண்டும் சரி என்றால் பம்பை டெஸ்ட் பெஞ்ச் உள்ள எஃப்ஐபி பட்டறைக்குக் கொடுத்து, கிராங்கிங் வேகத்தில் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்று அளந்து சொல்லக் கேளுங்கள். டைமிங்கை, அதாவது டீசல் பாயும் நேரத்தை, கொஞ்சம் முன்னே ஏற்றி வைத்துச் சமாளிப்பார்கள் சிலர். கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு இன்ஜின் தட்டும்.

2000 எஸ்டீம். பொள்ளாச்சி வியாழக்கிழமை சந்தைக்குப் போய் வரும்போது சூட்டில் செல்ஃப் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. சில நேரம் முக்கி முக்கிச் சுற்றும். பேட்டரி புதிது.
*வாசகர், கிணத்துக்கடவு*

செம்பு சூடானால் அதன் தடை கூடும், 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு. கேபிளும் எர்த்தும் ஏற்கெனவே அரித்துப்போயிருந்தால் செல்ஃபை இணைக்கும் மின்காந்த ஸ்விட்சான சோலனாய்டுக்கு இழுக்கும் பலம் போய்விடும். செல்ஃபைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். வண்டி சூடாக, அடம்பிடிக்கும் நேரத்திலேயே பாருங்கள்.

பேட்டரி இரு முனையிலும் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள்; 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பிறகு ஒரு கம்பி பேட்டரி மைனஸ் கம்பத்திலும், இன்னொன்று இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை கெட்டுவிட்டது. அடுத்து பேட்டரி பிளஸ் கம்பத்திலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை, 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கேபிள் அல்லது அதன் முனையில் உள்ள லக். மேலே ரப்பர் பளபளப்பாக இருக்கும். லக் அருகே ஒரு அங்குலம் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துப் பொடிந்திருக்கும். கடைசியாக சோலனாய்டின் மெல்லிய ஒயர். சாவியைத் திருப்பும்போது அங்கே 10 வோல்ட்டாவது வர வேண்டும். 8, 9 என்று நின்றால் சாவி ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. 30 ஆம்பியர் ரிலே ஒன்று போட்டு, 30ஆம் காலுக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87க்கு சோலனாய்டு, 86க்கு சாவி ஒயர், 85க்கு எர்த் என்று கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃப் குற்றவாளி. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால், உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சூட்டில் விரிந்து காந்தத்தில் உரசும். கழற்றிப் பார்த்தால் ஆர்மேச்சர் பக்கவாட்டில் பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும். மோட்டார் காயில் கட்டுகிறவர்களுக்குக் கோவை வட்டாரத்தில் பஞ்சமில்லை. ஆர்மேச்சரைச் சோதிக்கும் கருவியான க்ரௌலரில் வைத்துப் பார்த்த பிறகே புதுசுக்குப் போங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், அதிகம் ஏறியிருந்தாலும் சூட்டில் செல்ஃப் முக்கும், திருப்பி உதைக்கும். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்: காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். சரளமாகச் சுற்றினால் செல்ஃபில் குறை இல்லை, டைமிங்கை இறக்குங்கள்.

கேஸ் கிட் போட்ட ஆம்னிங்க. குளிர்ல பிடிக்குது, சூட்டுல கேஸ்லயும் பிடிக்கலை, பெட்ரோல்லயும் பிடிக்கலை. டேப்பெட் சத்தம்கூட இல்லாம இன்ஜின் அமைதியாத்தான் இருக்கு.
*வாசகர், பல்லடம்*

அந்த அமைதிதான் கவலைக்குரியது. கேஸில் ஓடும் இன்ஜினில் வால்வு சீட் வேகமாகத் தேயும், வால்வு உள்ளே இறங்கும், வால்வுக்கும் அதை அழுத்தும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வரும். சூட்டில் வால்வுத் தண்டு நீளும்போது மிச்ச இடைவெளியும் போய், வால்வு முழுக்க மூடாமல் நிற்கும். கம்ப்ரெஷன் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் எந்த எரிபொருளுக்கும் பிடிக்கவில்லை.

சூடாக இருக்கும்போதே கம்ப்ரெஷன் பாருங்கள். மூன்று பிளக்கும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கி, கேஸ் வால்வை மூடி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 5, 6 சுற்று. சிலிண்டருக்குச் சிலிண்டர் 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் இன்ஜினை இரவு முழுக்க ஆறவிட்டு, குளிர்ச்சியில் உங்கள் மாடலுக்கான அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து டேப்பெட் இடைவெளியைத் திறந்து விடுங்கள். சூட்டில் அந்த அளவை வைத்தால் கணக்குத் தப்பும். பல மாதமாக மூடியபடி ஓடியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகியிருக்கும். அப்போது ஹெட் இறக்கி வால்வும் சீட்டும் பார்க்க வேண்டியதுதான். இனி கேஸில் ஓட்டும் வரை 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஃபீலர் கேஜை உள்ளே விட்டுப் பாருங்கள், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும்.